மருந்தில்லாத ஊசி

எங்கள் துறைமுகத்தில் எல்லாப் படகையும் கரையோடு கட்ட இடம் கிடையாது. கரையை ஒட்டி ஒரு விசைப்படகைக் கட்டுவார்கள். அதன் விலாவோடு இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று என்று தண்ணீருக்குள் நீண்டுகொண்டே போகும். உங்கள் படகு கடைசியில் கிடந்தால் நடுவில் இருக்கிற எல்லாருடைய படகுகளின் மேலும் ஏறி இறங்கித்தான் அதற்குப் போக வேண்டும். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. ஒரு விளிம்பிலிருந்து அடுத்த விளிம்புக்குக் காலை எடுத்து வைக்க வேண்டியதுதான். ஆனால் இரண்டு படகும் ஒன்றாக ஏறி இறங்காது. ஒன்று எழும்பும்போது மற்றது தாழும். நடுவில் இடைவெளி விரியும், மூடும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நான் பழகியது இதைத்தான். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. தாண்டுவது நிற்கவில்லை.

நான் விசைப்படகு டிரைவர். கடலில் படகை ஓட்டுகிறவனுக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர்தான். பயந்த சுபாவம் எனக்கு. டீசலில் தூசி இருக்குமோ, அடித்தட்டில் தண்ணீர் கசியுமோ, வடக்கே கறுப்பாகத் தெரிவது மழையா ஆலைப் புகையா என்று ஏதாவது ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கும். கடலில் இதனால் கெட்டுப்போனது ஒன்றுமில்லை. என்னோடு வந்தவர்கள் எல்லாரும் முழுசாகக் கரை திரும்பியிருக்கிறார்கள். "நம்ம டிரைவரே மொத்த பயத்தையும் பட்டுடுவாரு, நமக்கு மிச்சம் வெக்க மாட்டாரு" என்பான் என் தோஸ்து. அவன் எங்கள் படகில் வலையும் இழுப்பான், சமையலும் செய்வான். என்னைக் கிண்டல் பண்ணுவதை மூன்றாவது வேலையாக வைத்திருக்கிறான்.

கரையில்தான் அந்தச் சுபாவம் என்னைத் தின்றது. வலது தொடையும் அடிவயிறும் சேருகிற இடத்தில் வலி ஆரம்பித்தபோது, சிறுநீரகக் கல் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் குடலிறக்கம். அப்புறம் வாயில் சொல்ல முடியாத கட்டி. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று ஒரு எண்ணம். சுக்கானைப் பிடித்து நின்றால் இஞ்சின் அதிர்வு பலகை வழியாக ஏறி நேரே இடுப்பில் போய் உட்கார்ந்தது. கரைக்கு வந்து முதல் அடி வைக்கும்போது கதவுக்கீல் துருப்பிடித்த மாதிரி கால் நகர மறுத்தது. குனிந்து கால் நகம் வெட்ட முடியவில்லை. அதை மனைவிதான் வெட்டிவிட்டாள். அப்படித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

ஊருக்குத் தெரிந்தது வேறு விதமாக. ஒரு மத்தியானம் மீனை இறக்கிவிட்டுப் படகுகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். இடது காலை அடுத்த படகில் வைத்தாயிற்று. பின்னால் வரவேண்டிய வலது கால் தூக்க வரவில்லை. ஒரு கால் இந்தப் படகில், ஒரு கால் அந்தப் படகில். நடுவில் இடைவெளி விரிகிறது. கீழே எண்ணெய் மிதக்கிற கறுப்புத் தண்ணீர். வாயைத் திறந்து கூப்பிடவும் வரவில்லை.

"இன்னா டிரைவரே, ரெண்டு படகுக்கும் நீயே கயிறா?" என்று யாரோ கேட்டார்கள். தோஸ்து ஓடி வந்து சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து என்னை இழுத்துப் போட்டான். சட்டை கிழிந்தது. சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு என்னை இரண்டு பேர் கைப்பிடித்துத் தாண்டவைத்தார்கள். "மாப்ள அழைப்பு வருது, வழி விடுங்க நைனா" என்று ஒவ்வொரு படகிலும் குரல் கேட்கும். படகு முதலாளி கரையில் நின்று இதைப் பார்த்தார். நல்ல மனுஷர். அதனால்தான் கூட்டத்தில் ஒன்றும் சொல்லாமல் என்னைத் தனியாக ஐஸ் கொட்டகைப் பக்கம் கூட்டிப் போனார்.

"தடைக்காலம் வருதுல்ல, நல்லா ரெஸ்ட்டு எடு. தட முடிஞ்சு படகு கெளம்பற அன்னிக்கு நீயா தாண்டி வந்தன்னா, சுக்கான் உன்னுது. தூக்கிகினு வந்து வெக்கிற மாரி இருந்தா எனக்கு ஒத்துவராது. நடுக்கடல்ல ஒண்ணு ஆச்சுன்னா மொதல்ல குதிக்க வேண்டியவன் நீ. உன்ன யாரு தூக்குவாங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் முன்னாடியே சொல்லியிருப்பேன். மீன்கள் இனப்பெருக்கம் பண்ணுகிற காலத்தில் வருஷா வருஷம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை. அந்த வருஷம் மீன்களுக்குக் கொடுத்த தவணையில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் பந்து மாதிரி இருக்குமாம். இரண்டுக்கும் நடுவில் வழவழவென்று ஒரு பூச்சு இருக்குமாம். எனக்கு அது தேய்ந்துவிட்டது. "ஒரு காலத்துல மூட்டு மாத்துற ஆபரேஷன் தேவைப்படலாம். இப்ப அவசரம் இல்ல. முதல்ல பிசியோதெரபி பாருங்க" என்றார் எலும்பு டாக்டர். அவர் பேசியதில் ஆபரேஷன் என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து போனில் அந்த ஆபரேஷன் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். சுத்தியல் வைத்து அடிக்கிறார்கள். படகுத் தச்சன்கூட அவ்வளவு ஓங்கி அடித்து நான் பார்த்ததில்லை. மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இத்த பாத்துகினு குந்தினா இடுப்பு சரியாப் பூடுமா? நாளிக்கு கெளம்பு. நானும் வர்றேன்."

திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அந்த பிசியோதெரபி நிலையம். இடுப்பு வலிக்காரனுக்கு மாடியில் வைத்தியம். படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறும்போது மனைவி பின்னால் நின்று முதுகைத் தள்ளினாள். உள்ளே ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். கொருக்குப்பேட்டைக்காரி, கூட்ஸ் யார்டில் வேலை பார்த்தவர் மகள் என்று பிறகு தெரிந்தது. என்னைப் படுக்கவைத்துக் காலை மடக்கினாள், விரித்தாள், உள்பக்கம் திருப்பினாள். எங்கே கத்துகிறேன் என்று குறித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன பண்ண முடியணும் அங்கிள்?"

"வலி போவணும்மா."

"அது இங்க வர்ற எல்லாருக்கும்தான். வலி போனா என்ன பண்ணுவீங்க?"

அப்படி யாரும் கேட்டதில்லை. இரண்டு நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். இது ஒரு படகு, இது ஒரு படகு, இது ஏறும்போது அது இறங்கும் என்று கையால் ஆட்டிக் காட்டினேன். தடை எப்போது முடிகிறது என்றும் சொன்னேன். அவள் அந்தத் தேதியையும் குறித்துக்கொண்டாள்.

"எலும்பு நடுவுல தேஞ்சது தேஞ்சதுதான். அதை நான் திரும்ப வைக்க முடியாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா மூட்டு வலிக்குதுன்னு சுத்தி இருக்கிற சதையெல்லாம் பயந்து போய் இறுக்கிப் புடிச்சுகிட்டு இருக்கு. கால் தூக்க வராததுக்கு அதுவும் ஒரு காரணம். அங்கங்க முடிச்சு மாதிரி இருக்கிற இடத்துல மெல்லிசா ஊசி போட்டுத் தளர்த்தலாம். தளர்ந்த உடனே பலம் ஏத்துற பயிற்சி. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. போட்டுப் பாக்கலாம்."

தலைமுடி மாதிரி ஒரு ஊசியை உறையோடு காட்டினாள். நான் அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். மருந்து ஏற்றுகிற குழாய் இல்லை.

"மருந்து எங்கம்மா?"

"மருந்து கிடையாது. வெறும் ஊசி. டிரை நீட்லிங்னு பேரு."

மனைவி என்னைப் பார்த்தாள். அவள் மீன் விற்கிறவள், எடை குறைந்தால் விடமாட்டாள். "மருந்தே இல்லன்னா இன்னாத்துக்கும்மா ஊசி?" என்று கேட்டுவிட்டாள்.

"வலையில சிக்கு விழுந்தா மருந்து போட்டா எடுக்கிறீங்க ஆன்ட்டி?"

மனைவி நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் வாயை அடைத்தவர்கள் எங்கள் குப்பத்திலேயே கிடையாது. ஆனால் என்னை அப்படி அடக்க முடியாது.

"உள்ள போயி ஒடஞ்சிட்டா?"

"ஒடையாது அங்கிள்." ஊசியை விரலில் வளைத்துக் காட்டினாள். நிமிர்ந்துகொண்டது.

"ஒருவேள ஒடஞ்சா?"

"ஒடையாது."

"ஒருவேள தாம்மா சொல்றேன்."

"ஒடஞ்சா எடுக்கத் தெரியும்."

அந்தப் பதில்தான் எனக்கு வேண்டியிருந்தது. பயப்படுகிறவனிடம் ஒன்றும் ஆகாது என்று சொன்னால் நம்பமாட்டான். ஆனால் என்ன செய்வோம் என்று சொன்னால் கொஞ்சம் அடங்குவான். பிறகு அவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள். சர்க்கரை இருக்கா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா, ஊசி போட்டால் மயக்கம் வருமா, அலர்ஜி உண்டா. என்னைவிட அதிகமாகச் சந்தேகப்படுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். குப்புறப் படுத்துக்கொண்டேன்.

பிட்டத்தின் பக்கவாட்டில் விரலால் தேடினாள். ஒரு இடத்தில் அழுத்தினதும் வலி அப்படியே தொடை வழியாக முட்டி வரைக்கும் ஓடியது. "இதுதானே?" என்றாள். இதுதான். இத்தனை மாதம் எனக்குள் இருந்துகொண்டு எனக்கே பிடிபடாததை அவள் விரல் நேராகப் போய்த் தொட்டது. ஊசி உள்ளே போனதே தெரியவில்லை. அடுத்த நொடி, தூண்டிலில் மீன் கவ்விய மாதிரி, சதை தானாகத் துள்ளியது. கால் எகிறியது.

"நான் இல்லம்மா" என்றேன்.

"தெரியும். அது துள்ளணும். அதான் வேணும்."

மனைவி ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாய்யா, உயிரோட கீறியா?" என்றாள். அந்தப் பெண் இன்னும் சில இடங்களில் ஊசி போட்டாள். ஒவ்வொரு துள்ளலுக்கும் பிறகு உள்ளே ஒரு கனமான கடுப்பு பரவியது. முடிந்ததும் காலை மடக்கிப் பார்த்தாள். வரும்போது மடங்கினதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மடங்கியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் கால் மடங்கியது. சாயங்காலத்துக்கு மேல் கடுக்கும், மூட்டை தூக்கின மறுநாள் மாதிரி இருக்கும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் அப்போது வெளியே எடுத்த ஊசிகளை எண்ணி, போட்டதும் எடுத்ததும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் காதிலும் அது ஏறவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ குதித்துக் குதித்து, எங்கள் வீடு இருக்கிற முகத்துவாரக்குப்பத்தில் கொண்டுவந்து விட்டது. சாயங்காலம் கடுப்பு ஆரம்பித்தது. மேலே ஒரு சின்னக் குத்து, உள்ளே ஆழமாகக் கடுகடுவென்று விண்விண் என்று ஒரு வலி. கடல்காரன் யாரைக் கேட்டாலும் இது என்ன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். கெளுத்தி மீன் முள் குத்தினால் இப்படித்தான் இருக்கும். திருக்கை அடித்தாலும் இப்படித்தான். அதற்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, சூடு. பொறுக்க முடிந்த அளவுக்குச் சூடு வைத்தால் விஷம் முறியும்.

"கெளுத்தி குத்துன மாரி கீதும்மா" என்றேன்.

மனைவி உடனே எழுந்தாள். மணலை வாணலியில் போட்டு வறுத்துத் துணியில் முடிந்து எடுத்து வந்தாள். முள் குத்தின இடத்தில் எடுக்கச் சொல்லி அலறும் வரைக்கும் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. நானும் வீரமாக, "இன்னும் வை, இன்னும் வை" என்றேன். காலையில் பார்த்தால் பிட்டத்தின் பக்கத்தில் பெரிய கொப்புளம்.

மறுபடி போனபோது பிசியோதெரபிஸ்ட் பெண் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"யார் பண்ணது இது?"

"நாந்தாம்மா" என்றாள் மனைவி. "கெளுத்தி குத்துனா இப்டித்தான் வெப்போம்."

"ஆன்ட்டி, குத்துனது நான். நான் கெளுத்தியா?"

மனைவி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். நான் குப்புறப் படுத்திருந்ததால் யார் சிரிக்கிறார்கள் என்றே தெரியாமல் நானும் சிரித்தேன். பிறகு அவள் குரல் மாறியது. இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுத்திருந்தால் பரவாயில்லை, இது தீக்காயம், தோல் ஆறுகிற வரைக்கும் இந்தப் பக்கம் ஊசி போட மாட்டேன் என்றாள். முன்தொடையில் மட்டும் போடலாம், பயிற்சியை விடாமல் செய்யுங்கள் என்றாள்.

"தடை முடியறதுக்குள்ள ஆறிடுமா?"

"தோல் ஆறிடும். அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் மிச்சம் இருக்குன்னு பாக்கணும்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த மிச்சத்தைப் பற்றியே யோசித்தேன். துறைமுகத்துக்குப் போனால் இன்னும் மோசம். எங்கள் படகைக் கரையேற்றி அடிப்பலகை சுரண்டி, நீலமும் மஞ்சளுமாகப் புது பெயின்ட் அடித்திருந்தார்கள். இஞ்சினைப் பிரித்து மாட்டியிருந்தார்கள். தோஸ்து வலை பின்னிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"ஓனரு ஒரு ஆள இட்டுகினு வந்தாரு நேத்து. வெளி டிரைவரு. இஞ்சின் சவுண்டு கேட்டுட்டுப் போனான்."

"இன்னா சொன்னான்?"

"இன்னா சொல்வான். நல்லா கீதுன்னான்." கொஞ்சம் பொறுத்து, "உன்ன மாரி கேட்டு கேட்டு உயிர எடுக்கல. எனக்குப் புடிக்கல" என்றான்.

அன்று ராத்திரிச் சோற்றின் முன்னால் உட்கார்ந்து, இனி ஊசிக்குப் போகவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். இருக்கிற நாளும் போய்விட்டது, வலியும் வேண்டாம், ஏமாற்றமும் வேண்டாம், ஏதாவது ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைக்கும் என்றேன்.

"ஏன், பயமா கீதா?"

"ஆமா."

"சரி, பயப்படு. யாரு வேணான்னா? ஊசி போட்டுகினே பயப்படு. வூட்ல குந்திகினு பயந்தா இன்னா கூலி குடுக்கப் போறாங்களா?" என்று சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

அப்படித்தான் போனேன். பயந்துகொண்டே போனேன், பயந்துகொண்டே படுத்தேன். புண் ஆறியது. அந்தப் பெண் பக்கவாட்டிலும் மறுபடி ஊசி போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் துள்ளுவது குறைந்தது. முதலில் சுறா மாதிரி அடித்த சதை பிறகு நெத்திலி மாதிரி ஒரு சிணுங்கலோடு விட்டுவிட்டது. ஊசி முடிந்ததும் படுக்கவிடமாட்டாள். காலில் ரப்பர் பட்டையை மாட்டிப் பக்கவாட்டில் நடக்கச் சொல்வாள். ஒரு நாள் காற்றடைத்த மெத்தை மாதிரி இரண்டைத் தரையில் போட்டாள். ஏறினால் ஆடியது.

"படகு இப்படி ஆடுமா அங்கிள்?"

"படகு ஆடறதுக்கு முன்னாடி சொல்லும். இது சொல்லாம ஆடுதும்மா."

"அப்ப இதுதான் கஷ்டம். இதுல நில்லுங்க."

வீட்டில் குழாயடியில் மனைவி தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்பேன். "இன்னாக்கா, உன் வூட்டுக்காரு கொக்காப் பூட்டாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "கொக்கு மீன் புடிக்கும்ல, அதான் கத்துகினு கீது" என்றாள் மனைவி. வெயில் தாழ்ந்த பிறகு முகத்துவாரக் கரைக்குப் போவேன். மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளின் விளிம்பைத் தாண்டுவேன். மணலில் இருப்பது ஆடாது என்று தெரியும். ஆனாலும் உயரம் பழக வேண்டும்.

எப்போது சரியானது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். மனைவி உள்ளேயிருந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் அதுவரைக்கும் கவனிக்கவேயில்லை. வலது காலை இடது முட்டியின் மேல் போட்டுக்கொண்டு சுண்டுவிரல் நகம் வரைக்கும் வந்துவிட்டேன்.

"அப்ப எனக்கு ரிட்டேர்மென்ட்டா?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. சரியானது திரும்பக் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று. ஆனால் நகத்தை முழுக்க வெட்டி முடித்தேன்.

தடை முடிகிற நாள் வந்தது. துறைமுகத்தில் காலெடுத்து வைக்க இடமில்லை. ஐஸ் வண்டி, டீசல் பீப்பாய், அரிசி மூட்டை, பூமாலை, கற்பூரம், மைக்செட். பழுது பார்க்கும் வேலை முடிந்து எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கு வந்துவிட்டதால் வழக்கத்தைவிட நெருக்கமாகக் கட்டியிருந்தார்கள். எங்கள் படகு கடைசியில் கிடந்தது. முதலாளி கரையில் நின்றார். பக்கத்தில் அந்த வெளி டிரைவர், கையில் பையோடு. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூப்பிட்டால் வரத்தானே செய்வான். தோஸ்து கையை நீட்டினான். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

முதல் படகு எளிது, கரையோடு இறுக்கிக் கட்டியது. இரண்டாவதில் வலது காலைத் தூக்கி வைத்தேன். தூக்க வந்தது. உள்ளே லேசாக இழுத்தது, அவ்வளவுதான். அடுத்ததிலும் வந்தது. அதற்குள் வெளியே ஏதோ பெரிய படகு திரும்பி, அதன் அலை படகு வரிசை முழுக்க ஓடி வந்தது. என் முன்னால் இருந்த இடைவெளி விரிந்தது. நான் விளிம்பில் நின்றுவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது.

"இன்னா டிரைவரே, சிக்னலா?" என்றான் தோஸ்து. அவன் குரலில் கிண்டலைவிடக் கவலைதான் அதிகம்.

கால் வராமல் நான் நிற்கவில்லை. அந்த அலை நல்ல அலை இல்லை. அதற்குப் பின்னால் வருவதும் சரியில்லை. மூன்றாவதாக வருவது மெதுவாக, பெரிசாக, எதிர்ப் படகைத் தூக்கி என் காலடிக்குக் கொண்டுவந்து கொடுக்கும் என்று பார்த்தேன். வந்தது. காலை வைத்தேன். பின்கால் தானாகக் கூடவே வந்தது. அதற்கப்புறம் யாருடைய வலையின் மேலும் மிதிக்காமல், ஈரப் பெயின்ட்டில் கை வைக்காமல், ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய் எங்கள் படகில் இறங்கினேன். யாரும் கை தட்டவில்லை. அதெல்லாம் எங்கள் பழக்கம் இல்லை. எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். அதுதான் எனக்குக் கைதட்டல்.

சுக்கானைத் தொட்டேன். உடனே மனதில் அரிப்பு ஆரம்பித்தது. ஒரு தடவை வந்தது அதிர்ஷ்டமாக இருக்கலாம். அலை நன்றாக வாய்த்திருக்கலாம். மறுபடி செய்து பார்க்காமல் எப்படி நம்புவது. திரும்பினேன். வந்த வழியே எல்லாப் படகுகளையும் தாண்டிக் கரைக்கே வந்து நின்றேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாப்பா, எதுனா மறந்துட்டியா?"

"இல்ல மொதலாளி. சரியா வந்துதான்னு பாத்துகினேன்."

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளி டிரைவரும் சிரித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்ப நான் வர்றேன் மாமு" என்று எனக்குக் கை கொடுத்தான்.

"சும்மா போவாத, அந்த மூட்டைய எடுத்துகினு போ" என்றார் முதலாளி. வெங்காய மூட்டை. தோளில் ஏற்றிக்கொண்டேன். தோஸ்து முன்னால் ஓடி, "வழி விடு, வழி விடு, டிரைவரு ரெண்டாவது ரவுண்டு வர்றாரு" என்று ஒவ்வொரு படகாகக் கத்திக்கொண்டே போனான். கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மூட்டை கனத்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. இடுப்பு கடுத்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கால் ஒவ்வொரு விளிம்பிலும் நான் கேட்ட உயரத்துக்கு வந்தது. கடைசி விளிம்பில் அலைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மூட்டையை எங்கள் படகின் தட்டில் போட்டபோது வந்த சத்தம் எனக்கு எந்த மைக்செட்டையும்விட நன்றாகக் கேட்டது.

அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணினேன். "ரெண்டு தடவ தாண்டிட்டேம்மா, ரெண்டாவது மூட்டையோட" என்றேன். "மூட்டையை யார் தூக்கச் சொன்னது?" என்று திட்டினாள். பிறகு அடுத்த தடவை கரைக்கு வந்ததும் வரச்சொன்னாள். போனேன். இப்போதும் போகிறேன். தேய்ந்தது தேய்ந்துதான் இருக்கிறது. மழைக் காலத்தில் இறுகும், ஊசி போட்டால் விடும், பயிற்சியை நிறுத்தினால் மறுபடி இறுகும். என்றைக்காவது அந்தச் சுத்தியல் வரலாம். அது அன்றைக்குப் பார்த்துக்கொள்வது.

தடை முடிந்த அந்த முதல் நாள், விடிகிற நேரத்தில் அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டினோம். முன்னாலும் பின்னாலும் படகுகள், எல்லா இஞ்சினும் ஒரே நேரத்தில் உறுமுகிற சத்தம். பின்தட்டில் தோஸ்து டீ போட்டுக்கொண்டிருந்தான். நான் இரண்டு காலையும் அகட்டி வைத்து, சுக்கானில் ஒரு கை போட்டு நின்றேன். இஞ்சின் ஓசையில் ஒரு சின்ன வித்தியாசம் இருப்பது போலத் தோன்றியது. பிரித்து மாட்டியதில் ஏதாவது நட்டு சரியாக முடுக்காமல் விட்டிருப்பார்களோ.

"டேய், அந்த மூடியத் தெற. கீழ எறங்கி ஒரு தபா பாத்துட்டு வர்றேன்."

"ஆரம்பிச்சிட்டான்யா" என்றான் தோஸ்து. டீயைக் கீழே வைத்துவிட்டுச் சுக்கானைப் பிடித்துக்கொண்டான். நான் செங்குத்தான அந்தச் சின்ன ஏணியில், யாருடைய கையையும் பிடிக்காமல், இஞ்சின் அறைக்குள் இறங்கினேன்.